கடல் கடந்த ஆட்டக் குழு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தில் அமைந்த ஊர் காவாந்தண்டலம். அறுவடை முடிந்து, தாள் காய்ந்து கிடக்கும் கழனிகளில் ஊர்ச் சிறுவர்கள் மாலைதோறும் கிரிக்கெட் ஆடுவர். மூன்று கழிகளை நட்டால் விக்கெட் ஆயிற்று. கழி கிடைக்காவிடில் நான்கு செங்கற்களை அடுக்கினாலும் விக்கெட் ஆயிற்று. பந்து பலர் கூடிக் காசு சேர்த்து வாங்கியதாக இருக்கும். ஆனால் மட்டை மட்டும் பெரும்பாலும் ஒருவனுக்கே உரியதாக இருக்கும். அம்மட்டைக்கு உரியவன் எவனோ அவனே தலைவன். முதலில் ஆடுபவனும் அவன். நினைத்தபொழுது பந்து வீசுபவனும் அவன். அவன் ஆட்டம் இழந்தான் என்று மற்றவர் கூவினால், இல்லை என்று வாதாடுவான்; வாதத்தில் தோற்றால் மட்டையைத் தோளிற் சார்த்திக்கொண்டு வீட்டை நோக்கி நடப்பான். அன்றைய ஆட்டம் அதனோடு முடியும். அவனினும் நன்றாக ஆடவல்ல சிறுவன் ஒருவன், மட்டை இல்லாத குறையால், வரப்பின்மேல் அமர்ந்து தன் முறை வரும் வரும் என்று காத்திருப்பான்.

இஃது அவ்வூருக்கே உரிய வழக்கம் அன்று, எவ்வூரிலும் காணத்தக்கதே. சிறுவர் விளையாட்டில் இது நகைத்து விட்டுவிடத்தக்க செய்தி. ஆனால் ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்து சென்ற பெருங்குழுவிலும் ‘மட்டைக்கு உரியவனே தலைவன்’ என்னும் இம்முறை ஒருகால் நிலவியது என்றால், நம்புதற்கு அரிதாகத் தோன்றும். 1936-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டிற்குச் சென்ற இந்தியக் கிரிக்கெட் குழுவின் வரலாறு அத்தகையது.

கிரிக்கெட் ஆட்டத்தில் தலைவருக்கு உள்ள பொறுப்புப் பிற ஆட்டங்களில் உள்ளதினும் பெரிது. கால்பந்தாட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்; ஆடத் தொடங்கிய பின்னர்த் தலைவர் ஆணையிட்டு நடத்தற்கு அதில் நேரமும் இல்லை; இடமும் இல்லை. கிரிக்கெட்டிலோ ஒரு பந்தயம் மூன்று நாள், நான்கு நாள், ஐந்து நாள் என நீளும். நாணயத்தைச் சுண்டி வென்றால் முதலில் ஆடுவதா, பந்து வீசுவதா என்று முடிவு செய்பவர் தலைவர். எவர் பந்து வீசுவது, எப்பொழுது அவரை நிறுத்தி மற்றொருவரை அழைப்பது, பந்து வீசுவோரும் விக்கெட் காப்போரும் போக எஞ்சிய ஒன்பதின்மரை எவ்வெவ்விடத்தில் நிறுத்துவது, தம் குழு ஆடும்பொழுது எவரை முதலில் அனுப்புவது, எவரைப் பின்னர் அனுப்புவது என்பன எல்லாம் அவர் சிந்தித்து முடிவு செய்ய வேண்டுவன. வானம் மூடினால் ஒரு முடிவு. தரை காய்ந்தால் வேறொரு முடிவு. ஆட்ட நுணுக்கம் அறியாதவர் அவ்விடத்தில் நின்றால் பத்துப் பேரின் திறமையும் வீணாகும்.

இதனோடு அயல்நாட்டுப் பயணம் என்பதும் சேர்ந்தால் பொறுப்பு இரட்டிப்பாகும். விமானப் பயணம் பெருகாத அக்காலத்தில், கப்பலேறிச் சென்று, மாதக்கணக்கில் ஒரே குழுவாகத் தங்கி, வாரம் இரண்டு ஊர்களில் ஆடி வருவர். குளிரும் மழையும் புதியன, உணவும் புதிது. வீட்டு நினைவால் வாடுபவனும், வாய்ப்புக் கிடைக்காமையால் புழுங்குபவனும் குழுவில் இருப்பர். இவர்கள் அனைவரையும் ஒரு குடும்பமாக வைத்து நடத்துவது தலைவரின் கடமை.

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 1928-ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்குச் செல்வ வளம் இல்லை. குழுவைக் கப்பலேற்றி அனுப்பப் பணம் வேண்டும்; பணம் அரசர்களிடத்தும் சமீன்தார்களிடத்தும் இருந்தது. ஆங்கிலப் பிரபுக்களோடு சமமாக நின்று கைகுலுக்குதற்கு ஓர் இளவரசரே தக்கவர் என்னும் எண்ணமும் அன்று வேரூன்றி இருந்தது. ஆகவே 1932-ஆம் ஆண்டில், இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடுதற்கு இங்கிலாந்து சென்றபொழுது, போர்பந்தர் மகாராஜா தலைவராகவும், லிம்ப்டி இளவரசர் துணைத் தலைவராகவும் அமர்த்தப் பெற்றனர்.

போர்பந்தர் மகாராஜா ஆட்டத்தில் வல்லவர் அல்லர். ஆனால் அதனைத் தாமே உணர்ந்திருந்தார். இஃது எளிதில் எவர்க்கும் வாய்க்கும் பண்பு அன்று. இலண்டன் நகரத்து லார்ட்ஸ் மைதானத்தில் ஜூன் 25-ஆம் நாள் டெஸ்ட் பந்தயம் தொடங்க இருந்தது. துணைத் தலைவரோ காயமுற்றிருந்தார். மகாராஜா தாம் விலகி நின்று, குழுவின் தலைசிறந்த ஆட்டக்காரராகிய சி. கே. நாயுடுவிடம் தலைமையை ஒப்படைத்தார். அரச மரபில் வாராத ஒருவரின் கீழ் ஆடுவதா என்று குழுவில் முணுமுணுத்தவர்களும் இருந்தனர். எனினும் நாயுடுவே தலைமை தாங்கினார். இங்கிலாந்தின் முதல் மூன்று விக்கெட்டுகள் 19 ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன என்பதும், முடிவில் இந்தியா 158 ஓட்ட வேறுபாட்டில் தோற்றது என்பதும் அப்பந்தயத்தின் வரலாறு. தோற்றாலும், புதிதாக வந்தவர்கள் பொருட்படுத்தத்தக்கவர்கள் என்று ஆங்கிலேயர் கண்டுகொண்டனர்.

நான்காண்டுகள் கழிந்தன. 1936-ஆம் ஆண்டுப் பயணத்திற்குத் தலைவர் யாவர் என்னும் வினா எழுந்தது. பட்டௌடி நவாபு இப்திகார் அலிகான் முதலில் எண்ணப்பட்டார்; அவர் உடல்நலம் கருதி விலகிக்கொண்டார். ஆட்டத் திறனும் அனுபவமும் நோக்கினால் நாயுடுவினும் தக்கார் ஒருவர் இலர். ஆனால் வாரியத்தில் நடந்த வாக்கெடுப்பில் வென்றவர் விஜயநகரம் மகாராஜகுமார் ஆவார். இவ்விஜயநகரம் கிருஷ்ணதேவராயரின் தலைநகர் அன்று. ஆந்திர நாட்டின் வடபகுதியில் உள்ள சமீன் ஊர். விஜய ஆனந்த கஜபதி ராஜு என்பது அவர் இயற்பெயர். நண்பர்கள் ‘விஜ்ஜி’ என்பர். அப்பொழுது அவருக்கு வயது முப்பது.

அவர் கிரிக்கெட்டை உயிரென நேசித்தவர் என்பதில் ஐயம் இல்லை. 1930-31-ஆம் ஆண்டில் ஜாக் ஹாப்ஸ், ஹெர்பர்ட் சட்கிளிப் என்னும் புகழ்பெற்ற ஆங்கில ஆட்டக்காரர் இருவரைத் தம் செலவில் இந்தியாவிற்கு அழைத்துத் தம் சொந்தக் குழுவில் ஆடச் செய்தார். 1932-ஆம் ஆண்டுப் பயணத்திற்கும் பெரும்பொருள் தர முன்வந்தவர் அவர். அன்றைய வைசிராய் வில்லிங்டன் பிரபுவிடத்தும் செல்வாக்குடையவர். கொடையாளர் என்று போற்றப்பட வேண்டிய அவர், தலைவர் என்று போற்றப்படவும் விரும்பினார். அங்கேதான் பிழை நுழைந்தது.

தலைவரைத் தேர்ந்தெடுத்தல் என்னும் இச்செய்தியில், காவாந்தண்டலத்துக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரின் பழைய முறை நினைக்கத்தக்கது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுக்கள் உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றில் விரிவாக வெட்டப்பட்டுள்ளது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலை இடப்பெறும் தகுதி உடையவர், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டியவராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராய், கல்வி உடையவராய் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டும் அன்றி, அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் இடப்படாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் கலக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்வர். அவ்வோலையை வாங்குபவர், ஐந்து விரல்களும் விரிய உள்ளங்கையை நீட்டி வாங்க வேண்டும் என்றும் விதித்தனர். மூடிய கையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடும் அன்றோ!

இம்முறையில் குறைகளும் உண்டு. அச்சபை அந்தணர் சபை; பிறருக்கும் பெண்டிருக்கும் அங்கு இடம் இல்லை. நிலம் இல்லாதவருக்கும் இடம் இல்லை. ஆதலின் அதனை இக்காலத்துக் குடியாட்சியோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. ஆயினும், பதவிக்கு வரவேண்டியவருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று முன்னரே கல்லில் வெட்டி வைத்து, பதவியில் இருந்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்திய நுட்பம் சிறிதன்று. 1936-ஆம் ஆண்டு வாரியத்திலும் வாக்கெடுப்பு நடந்தது. ஆனால் கேட்கப்பட வேண்டிய முதல் தகுதியாகிய ஆட்ட அறிவு அங்கே கேட்கப்படவில்லை.

அக்குழுவில் தமிழ்நாட்டின் சார்பில் சென்றவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் கோடா ராமசாமி. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சிபாபு நாயுடுவின் மைந்தர். டென்னிசில் இந்தியாவின் சார்பாக டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் 1922-ஆம் ஆண்டிலேயே ஆடியவர். மற்றொருவர் எம். ஜே. கோபாலன். அவர் பிறந்த மொறப்பாக்கம் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். காவாந்தண்டலமும் அக்காலத்தில் அம்மாவட்டத்ததே. கழனியும் ஏரியும் சூழ்ந்த ஊரிற் பிறந்த அவர், 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர் என்னும் பெருமை உடையவர். அவர் வளைகோற் பந்தாகிய ஹாக்கியிலும் வல்லவர். 1935-ஆம் ஆண்டில் இந்திய ஹாக்கிக் குழுவோடு நியூசிலாந்து சென்று வந்தார். 1936-ஆம் ஆண்டு, பெர்லின் நகரத்து ஒலிம்பிக் ஹாக்கி, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணம் என இரண்டு வாயில்கள் ஒரே வேளையில் அவர்முன் திறந்தன. அவர் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டார்.

குழு இங்கிலாந்தை அடைந்தது. தலைவர் தம் பொருட்டு முப்பத்தாறு பெட்டிகளும் மூட்டைகளும், ஏவலாளர் இருவரும் உடன் கொண்டு சென்றார் என்பர். பெட்டிகளின் எண்ணிக்கை குற்றம் அன்று. குழு இரண்டாகப் பிளந்ததே குற்றம். தலைவரைச் சார்ந்தோர் ஒரு புறம். நாயுடுவை மதிப்போர் மறுபுறம். பந்து வீசுவோரை எப்பொழுது மாற்றுவது என்பது தலைவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவரைக் கேட்கவும் அவர் விரும்பவில்லை. இன்று மூன்றாவதாக ஆடியவர் நாளை ஏழாவதாக ஆடுவார். காரணம் யாதென அவரும் அறியார்.

அக்குழுவில் லாலா அமர்நாத் என்னும் இளைஞர் இருந்தார். பஞ்சாபைச் சேர்ந்தவர், வயது இருபத்து நான்கு. 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், பம்பாயில், தம் முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே 118 ஓட்டங்கள் எடுத்து, இந்தியாவுக்காக டெஸ்டில் சதம் அடித்த முதல்வர் என்னும் புகழ் பெற்றவர். இப்பயணத்திலும் ஜூன் மாத நடுவிற்குள் அறுநூறு ஓட்டங்களைக் கடந்து, முப்பதுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளையும் வீழ்த்தியிருந்தார். ஒளிவு மறைவு இன்றிப் பேசும் இயல்பினர். கோபமும் விரைந்து வருவது. தம்மினும் குறைந்த ஆட்ட அறிவு உடையவரின் ஆணையை முகம் கோணாது ஏற்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஜூன் மாதத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் சிறு கவுண்டிகளின் குழுவோடு ஒரு பந்தயம் நடந்தது. அடுத்து ஆடச் சித்தமாக இருக்குமாறு அமர்நாத்துக்கு ஆணை பிறந்தது. காலில் காப்பு அட்டைகளைக் கட்டிக்கொண்டு அவர் காத்திருந்தார். ஒரு விக்கெட் வீழ்ந்தது, வேறொருவர் அனுப்பப்பட்டார். அடுத்த விக்கெட் வீழ்ந்தது, மீண்டும் வேறொருவர். இவ்வாறு நெடுநேரம் சென்றது. அன்றைய ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபொழுது அவருடைய முறை வந்தது. ஆடி மீண்டு அறைக்குள் வந்தவர், அட்டைகளைக் கழற்றி மூலையில் எறிந்து, பஞ்சாபி மொழியில் ஏதோ கடுமையாகக் கூறினார். அக்கூற்றுத் தலைவரின் செவிக்கு எட்டியது. குழுவின் மேலாளராகிய பிரிட்டன் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியும் தலைவரும் கலந்து பேசினர். அமர்நாத் உடனே தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது முடிவு. இம்முறை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆட்டக்காரர் சிலர் வேண்டியும் பயன் இல்லை. டெஸ்ட் பந்தயங்களுள் ஒன்றேனும் தொடங்குமுன், குழுவின் மிகச் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவர் தனியே கப்பலேறினார்.

பெரியோர் முன்னிலையில் பொருளை எறிதலும் கடுஞ்சொற் கூறுதலும் தவறு. அதனை மறுப்பார் இலர். ஆயினும் கண்டித்தலுக்கும், கடல் தாண்டித் துரத்துதலுக்கும் இடையில் எத்தனையோ படிகள் உண்டு. இளைஞன் ஒருவனை வேண்டுமென்றே காக்க வைத்து, அவன் பொறுமை இழந்ததும் தண்டித்தல் நடுநிலையாளர் செயல் ஆகாது. அத்தண்டனையின் விலையைக் கொடுத்தது அமர்நாத் மட்டும் அன்று.

ஒரு வாரம் கழிந்தது. ஜூன் 27-ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் தொடங்கியது. இந்தியா 147 ஓட்டங்களுக்கு ஆட்டம் இழந்தது. அடுத்து ஆடிய இங்கிலாந்தை அமர்சிங் 35 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள் வீழ்த்தி 134-இல் சுருட்டினார். லார்ட்ஸ் மைதானத்தில், ஆங்கிலேயரை விட 13 ஓட்டங்கள் இந்தியா முன்னணியில் நின்றது! ஆனால் இரண்டாம் முறை ஆடியபொழுது இந்தியா 93 ஓட்டங்களுக்குள் வீழ்ந்துவிட்டது. இரண்டு முறையும் ஐந்தைந்து விக்கெட்டுகளைக் கவர்ந்தவர் இங்கிலாந்தின் தலைவர் ஆலன். அவர் தலைமை பதவியால் மட்டும் வந்தது அன்று என்பதனை இது காட்டும். இங்கிலாந்து ஒன்பது விக்கெட் வேறுபாட்டில் வென்றது. அமர்நாத் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால் அவர் அங்கே இல்லை. இந்தியாவை நோக்கிச் செல்லும் கப்பலில் இருந்தார்.

இரண்டாம் டெஸ்ட் ஜூலை 25-ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் தொடங்கியது. இந்தியா முதலில் எடுத்தவை 203 ஓட்டங்கள். கோடா ராமசாமி தம் நாற்பதாவது வயதில் முதன்முதலாக டெஸ்ட் ஆடி, நாற்பது ஓட்டங்கள் எடுத்தார். இங்கிலாந்து எட்டு விக்கெட்டுக்கு 571 ஓட்டங்கள் குவித்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. 368 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் இந்தியாவின் இரண்டாம் ஆட்டத்தைத் தொடங்கினர். மெர்ச்சண்ட் இலக்கணம் பிறழாத ஆட்டக்காரர். ஒவ்வொரு பந்துக்கும் உரிய விடையை அளந்து கொடுப்பவர். முஷ்டாக் அலியோ மரபை மீறி முன்னே பாய்ந்து அடிப்பவர். இருவரும் சேர்ந்து அன்று மாலைக்குள் விக்கெட் இழவாது 190 ஓட்டங்கள் எடுத்தனர். அந்த ஒரே நாளில் இரு குழுவும் எடுத்த ஓட்டங்கள் 588; டெஸ்ட் பந்தயத்தில் ஒரு நாளில் அத்தனை ஓட்டங்கள் அதற்கு முன்னும் எடுக்கப்பட்டதில்லை; அதற்குப் பின்னும் எடுக்கப்பட்டதில்லை.

முஷ்டாக் அலி 112 ஓட்டங்கள் எடுத்தார். அயல்நாட்டு மண்ணில் இந்தியர் ஒருவர் டெஸ்டில் எடுத்த முதற் சதம் அதுவே. மெர்ச்சண்ட் 114 எடுத்தார். ராமசாமி இம்முறை 60. ஐந்து விக்கெட்டுக்கு 390 என்னும் நிலையில், வெற்றி தோல்வி இன்றிப் பந்தயம் முடிந்தது. மெர்ச்சண்டை ஓடும்பொழுது ஆட்டமிழக்கச் செய்தால் பொற்கடிகாரம் தருவதாகத் தலைவர் முஷ்டாக் அலியிடம் கூறினார் என்றும், அவரோ அதனை மெர்ச்சண்டிடமே சொல்லி இருவரும் நகைத்தனர் என்றும் ஒரு செய்தி பிற்காலத்தில் பரவியது. அது மெய்யோ மிகையோ, அத்தகைய செய்தியைக் கேட்டவர்கள் நம்பினார்கள் என்பதே அக்குழுவின் நிலையைப் புலப்படுத்தும்.

மூன்றாம் டெஸ்ட் இலண்டன் ஓவல் மைதானத்தில் ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. இங்கிலாந்தின் ஹாமண்ட் 217 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா மீண்டும் ஒன்பது விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. நாற்பது வயதுடைய நாயுடு, தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தில், வேகப் பந்துகளை எதிர்த்து நின்று 81 ஓட்டங்கள் எடுத்தார்.

அதே ஆகஸ்டு 15-ஆம் நாள், பெர்லின் நகரில், தியான்சந்தின் தலைமையில் இந்திய ஹாக்கிக் குழு ஜெர்மானியரை எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. தியான்சந்த் அரசர் அல்லர். படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். அவர் தலைவரானது அவர் கோலின் வன்மையால். மொறப்பாக்கத்துக் கோபாலனோ இலண்டனில் இருந்தார். மூன்று டெஸ்ட் பந்தயங்களுள் ஒன்றிலேனும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினுக்குச் சென்றிருந்தால் தங்கம் பெற்றிருக்கக் கூடியவர், பார்வையாளராக அமர்ந்திருந்து ஊர் திரும்பினார். 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதே அவர் ஆடிய ஒரே டெஸ்டாக நின்றது.

தலைவர் தாம் ஆடிய ஆறு ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் மொத்தம் 33. அப்பயணத்தின் நடுவிலேயே ஆங்கில அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கியது. டெஸ்ட் ஆடும்பொழுதே அப்பட்டம் பெற்ற தலைவர் கிரிக்கெட் வரலாற்றில் வேறொருவரைக் காண்டல் அரிது.

குழு திரும்பியபின் நாட்டில் எழுந்த கூச்சலை வாரியத்தால் புறக்கணிக்க இயலவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் போமாண்ட் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 1937-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் அறிக்கை வெளிவந்தது. தலைவர் ஆட்டக்காரரை நிறுத்தும் முறையையும், பந்து வீசுவோரை மாற்றும் முறையையும் அறியாதவர் என்றும், ஆடுவோர் வரிசையை ஒழுங்காகப் பின்பற்றாதவர் என்றும் அவ்வறிக்கை கூறியது. அமர்நாத்தின்மேல் இருந்த பழி நீங்கியது. பத்து நூற்றாண்டுகளுக்கு முன் உத்திரமேரூரார் பதவிக்குப் பின் கேட்ட கணக்கு, இங்கேயும் ஒருவாறு கேட்கப்பட்டது.

விஜ்ஜி அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை. 1947-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பட்டத்தைத் துறந்தார். பிற்காலத்தில் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். பின்னர் வானொலியில் ஆட்டத்தை எடுத்துரைக்கும் வேலையிலும் ஈடுபட்டார். மைதானத்தில் வாராத சொற்கள் ஒலிபெருக்கியின் முன் அவருக்குத் தாராளமாக வந்தன. 1959-ஆம் ஆண்டு இந்தியக் குழு இங்கிலாந்து சென்றபொழுது அவரும் அங்கிருந்து ஒலிபரப்பினார். அப்பயணமும் தலைமைக் குழப்பத்தின் பிள்ளையே. அதற்கு முந்திய பருவத்தில், மேற்கிந்தியத் தீவினரோடு ஆடிய ஐந்து டெஸ்டுகளில் உம்ரிகர், குலாம் அகமது, மன்கட், அதிகாரி என நால்வர் மாறி மாறித் தலைமை தாங்கினர். ஐந்தாவதாகக் கெய்க்வாட் தலைவராகி இங்கிலாந்து சென்றார்; ஐந்து டெஸ்டிலும் தோல்வி. அரசர்கள் ஒதுங்கிய பின்னரும் நோய் ஒதுங்கவில்லை.

அமர்நாத் செய்தி வேறு. திரும்பி வந்த அவர் ஆடிக்கொண்டே இருந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது, பயணங்கள் நின்றன. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியக் குழு முதன்முதலாக ஆஸ்திரேலியாவிற்குச் செல்ல நேர்ந்தது. அதற்குத் தலைவராக விஜய் மெர்ச்சண்ட் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். உடல்நலக் குறைவால் அவர் விலகினார். முஷ்டாக் அலியும் செல்ல இயலவில்லை. பசல் மகமூது என்னும் இளம் பந்து வீச்சாளர், நாடு பிரிந்தமையால், பாகிஸ்தானில் தங்கிவிட்டார். இவ்வாறு குழு குலைந்த வேளையில் தலைமை அமர்நாத்தின் கைக்கு வந்தது. பதினோராண்டுகளுக்கு முன் குழுவினின்றும் துரத்தப்பட்டவர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் டெஸ்ட் தலைவரானார்.

டெஸ்டுகளில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. பிராட்மன் தலைமை தாங்கிய ஆஸ்திரேலியக் குழு நான்கில் வென்றது. ஒன்று முடிவின்றி நின்றது. ஆனால் மெல்போர்ன் நகரில் விக்டோரியா மாநிலக் குழுவோடு ஆடியபொழுது, ஓர் ஓட்டமும் எடுக்குமுன் இந்தியா மூன்று விக்கெட்டுகளை இழந்தது. அமர்நாத் உள்ளே சென்றார். எவரும் அவரைக் காக்க வைக்கவில்லை. அவர் ஆட்டம் இழவாமல் 228 ஓட்டங்கள் எடுத்துத் திரும்பினார்.